துணைக்கு ஒருவர் தேவை

நாலாயிரம் பேருக்கு அவள் அக்கா. கூடப் பிறந்தவன் என்னவோ ஒருத்தன்தான், அவனும் கடல் தாண்டி இருந்தான். மற்ற அத்தனை பேரும் கணினித் திரை வழியாக வந்து சேர்ந்த தம்பி தங்கைகள்.

அவள் வேலை பார்த்த நிறுவனம் ஒரு தரவுத் தளத்தை நடத்திவந்தது. கடைகளும் வங்கிகளும் தங்கள் கணக்குவழக்குகளையெல்லாம் மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்து கொட்டி, அலசி, வேண்டியபோது வேண்டியதை எடுத்துக்கொள்ளும் இடம் அது. அதை வைத்து மென்பொருள் எழுதிப் பிழைக்கும் டெவலப்பர்களுக்கென்று இணையத்தில் ஒரு குழுமம் இருந்தது. அதற்கு வாராவாரம் ஒரு செய்தி மடல் எழுதுவதும், ஒரு மணிநேரம் வகுப்பு எடுப்பதும் அக்காவின் வேலை. புதிதாக என்ன வந்திருக்கிறது, எந்தப் பழைய கட்டளை இனி ஓடாது, எங்கே கால் வைத்தால் வழுக்கும் என்று சொல்லித் தருவாள். சம்பளம் வாங்கிக்கொண்டு பாசம் காட்டுகிற உத்தியோகம் என்று தன்னைத் தானே கிண்டல் செய்துகொள்வாள். கேட்டுச் சிரிக்கத்தான் வீட்டில் ஆள் கிடையாது. கணவன் பிரிந்துபோய், வேறு குடும்பமாகி, பிறந்தநாளுக்கு மட்டும் ஒரு வரி வாழ்த்து அனுப்புகிற மனிதராகிவிட்டிருந்தார்.

கொஞ்ச நாளாகச் சாப்பாடு நெஞ்சுக்குள் சிக்கிக்கொண்டு இறங்க மறுத்தது. மருத்துவர் அமுக்கிப் பார்த்தார், இரண்டு கேள்வி கேட்டார், கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"குழாய் விட்டு உள்ள பாத்துடலாம்மா. தள்ளிப் போட வேண்டாம். மயக்கம் குடுத்துதான் பண்ணுவோம், அதனால கூட ஒருத்தர் வரணும். முடியற வரைக்கும் இருந்து வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகணும்."

"நான் டாக்ஸி பிடிச்சுப் போயிக்கறேனே டாக்டர்."

"டாக்ஸி டிரைவர் கணக்குல வரமாட்டார்மா."

முதலில் கொடுத்த தேதியை வேலை அதிகம் என்று சொல்லித் தள்ளினாள். இரண்டாவதாகக் கொடுத்த தேதிக்குப் பொய் சொன்னாள். தம்பி வந்துகொண்டே இருக்கிறான், வழியில் நெரிசல் என்று சொல்லி, மருத்துவமனை கொடுத்த பச்சை அங்கியை மாட்டிக்கொண்டு, கையில் ஊசி செருகி ஒட்டிய பிளாஸ்டரோடு கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். உள்ளே போய்விட்டால் பிறகு யார் கேட்கப் போகிறார்கள் என்பது அவள் கணக்கு. நர்ஸ் கெட்டிக்காரி. படிவத்தில் இருந்த எண்ணுக்கு ஸ்பீக்கரில் போட்டு அழைத்தாள். கடலுக்கு அப்பால் நல்ல தூக்கத்திலிருந்த தம்பி, "யாரு? எந்த ஆஸ்பத்திரி? எங்க அக்காவுக்கு என்ன ஆச்சு?" என்று அலறியது அந்த அறையில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்டது. நர்ஸ் திட்டவில்லை. அங்கியின் முடிச்சை அவிழ்க்க உதவினாள், அதுதான் அக்காவுக்குத் தாங்கவில்லை.

தம்பி அன்றைக்கே திரும்ப அழைத்தான். "ஏன்க்கா இப்படிப் பண்ற? யாரையாவது ஆள் வெச்சுக்கோ, காசு நான் அனுப்பறேன்."

"காசு என்கிட்ட இருக்குடா."

"அப்புறம் என்ன?"

அப்புறம் என்ன என்று அவளுக்கும் சொல்லத் தெரியவில்லை. கேட்டால் வருவதற்கு ஒன்றிரண்டு பேர் இருந்திருப்பார்கள். முன்பு வேலை பார்த்த இடத்துத் தோழி ஒருத்தி, மூன்றாம் மாடியில் நாய் வளர்க்கிற அம்மாள். ஆனால் கேட்க வாய் வர வேண்டுமே. ஊருக்கெல்லாம் வழி சொல்லிக்கொண்டிருந்தவளுக்கு, எனக்கு ஒரு உதவி என்று தொடங்கும் வாக்கியம் பாதியிலேயே நின்றுபோனது. மூன்றாவதாக அடுத்த செவ்வாயைக் கொடுத்திருந்தார்கள். இந்தத் தடவையும் ஆள் இல்லாமல் வந்தால் வேறு மருத்துவமனை பார்த்துக்கொள்ளுங்கள் என்று மரியாதையாகவே சொல்லிவிட்டார்கள்.

அந்த வாரத்து வகுப்பில்தான் வினை வந்தது.

வகுப்புக்குப் பதினொரு பேர் வந்திருந்தார்கள். திரையில் பதினொரு கறுப்புக் கட்டங்கள். கேமராவை யாரும் போடுவதில்லை என்பது பழகிய சங்கதிதான். பாடம், நேரத்தைப் பதியும் விதத்தில் வந்திருக்கும் மாற்றம். ஒரு ஊரில் காலை என்று எழுதியது இன்னொரு ஊரில் மாலையாகப் படிக்கப்படுவதைத் தவிர்ப்பது எப்படி என்று விளக்கிவிட்டு, "இதுல ஏதாவது சந்தேகம் இருக்கா? கேளுங்கப்பா" என்றாள். பதில் இல்லை. "சரி, யாராவது ஒருத்தர் சும்மா ஹலோவாவது சொல்லுங்க" என்றாள். அதற்கும் பதில் இல்லை. அப்போதுதான் கட்டங்களின் அடியிலிருந்த பெயர்களை ஒழுங்காகப் படித்தாள். ஒவ்வொரு பெயருக்குப் பின்னாலும் 'குறிப்பு உதவியாளர்' என்று சின்ன எழுத்தில் இருந்தது.

ஆளுக்குப் பதிலாகக் கூட்டத்தில் போய் உட்கார்ந்து, பேசுவதைக் கேட்டு, சுருக்கம் எழுதித் தரும் செயலிகள் வந்து கொஞ்ச காலம் ஆகிறது. ஒருவர் இருவர் அனுப்புவார்கள், அவளும் கண்டுகொள்ள மாட்டாள். இன்றைக்குப் பதினொன்றும் அவைதான். மனித ஜாதியில் அந்த அறையில் அவள் ஒருத்திதான் இருந்தாள்.

வகுப்பை முடித்துவிட்டுப் போயிருக்கலாம். ஒரு மணிநேரம் ஓடாவிட்டால் மாத அறிக்கையில் சிவப்பு விழும், அதனால் இருந்தாள். எத்தனை நேரம்தான் சுவரைப் பார்த்துக்கொண்டு இருப்பது? தண்ணீர் குடித்தாள், அது நெஞ்சில் நின்று நின்று இறங்கியது. "பாருங்க, தண்ணி கூட இறங்க மாட்டேங்குது" என்றாள் கட்டங்களைப் பார்த்து. சொன்னது நன்றாக இருந்தது. அதனால் மேலும் சொன்னாள். மருத்துவர் கண்ணாடியைக் கழற்றி வைத்ததை, பச்சை அங்கியை, தம்பி அலறியதை எல்லாம் சொன்னாள். "செவ்வாய்க்கிழமை போகணும். கூட வர ஒருத்தர் வேணும். ஒரே ஒருத்தர் போதும். நாலாயிரம் பேர் அக்கா அக்கான்னு கூப்பிடறீங்க, யாரைக் கேக்கறதுன்னு எனக்குத் தெரியல" என்று சொல்லும்போது அழுகை வந்தது. கூச்சப்படாமல் அழுதாள். மணி ஆனதும் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பழக்க தோஷத்தில், "வந்ததுக்கு எல்லாருக்கும் நன்றி" என்று சொல்லிவிட்டு மூடினாள். மனசு லேசாக இருந்தது. அன்று ரொட்டியைப் பாலில் ஊறப்போட்டுச் சாப்பிட்டு நிம்மதியாகத் தூங்கினாள்.

இந்தத் துறையில் இருக்கிறவர்கள் செய்யவே கூடாத முட்டாள்தனம் அது. கேட்கிற எதுவும் கேட்ட இடத்தில் நிற்காது, எங்கேயாவது போய்ச் சேரும் என்று மற்றவர்களுக்குப் பாடம் எடுத்தவள் அவள். அது மட்டுமா, சுருக்கத்தில் வரும் பணிகள் தாமாகவே, எல்லோரும் பார்க்கும் குழுமத்தின் பணிப் பலகையில், அந்தப் போர்டில், ஆளுக்கு ஒப்படைக்கும் வேலைச் சீட்டாக, டிக்கெட்டாக ஏறும்படி இணைப்புக் கொடுத்ததும் அவள்தான். 'இனி எந்தப் பணியும் விட்டுப்போகாது' என்று அதைப் போன மாதம் ஒரு மடலின் முதல் பத்தியில் பெருமையாகப் போட்டிருந்தாள்.

மறுநாள் காலை மேலாளர் அழைத்தான். அவளைவிடப் பத்து வயது சின்னவன், அவனும் அக்கா என்றுதான் கூப்பிடுவான்.

"அக்கா, போர்டைப் பாத்தீங்களா?"

"இல்லையே, ஏன்?"

"ஒரு டிக்கெட் ஏறியிருக்கு. கொஞ்சம்... உங்க சொந்த விஷயம் மாதிரி தெரியுது. எடுத்துடட்டுமா?"

"நானே பாத்துக்கறேன்" என்று வைத்தாள்.

போர்டில் இரண்டு புது டிக்கெட்டுகள் இருந்தன. முதலாவது, மாத முடிவுக்குள் எல்லோரும் புதிய பதிப்புக்கு மாற வேண்டும், பொறுப்பு, அனைவரும். இரண்டாவது, செவ்வாயன்று பேச்சாளருடன் மருத்துவமனைக்குச் செல்ல ஒருவர் தேவை. வகுப்பில் பேசியது ஒரே ஒரு குரல் என்பதால், செயலி யோசித்துப் பார்த்து, அந்த வேலையை அந்தக் குரலிடமே ஒப்படைத்திருந்தது. பொறுப்பு, அக்கா.

அவள் சிரித்தாள். சிரித்து முடித்ததும் அடியில் பார்த்தாள். விடிவதற்குள் நூற்றுக்கணக்கானவர்கள் பார்த்திருந்தார்கள். சிவப்பு இதயங்கள் வரிசையாக இருந்தன, கும்பிடும் கைகள் இருந்தன, 'சீக்கிரம் குணமாகுங்க அக்கா' என்று சிலர் எழுதியிருந்தார்கள். டிக்கெட்டை எடுத்துக்கொள்ள ஒரு பொத்தான் உண்டு. அதை ஒருவரும் அழுத்தவில்லை. மானம் போனது போனதுதான், ஆளும் கிடைக்கவில்லை. எரிச்சலோடு அழிக்கப் போனபோது, கடைசியில் இன்னொரு கருத்து வந்து விழுந்தது.

'ஒரு சின்னத் திருத்தம்' என்று தொடங்கியது அது.

குழுமத்தில் அந்த மனிதருக்குப் பெயரே அதுதான். அவள் எழுதும் ஒவ்வொரு செய்தி மடலுக்கும் கீழே வந்து, ஒரு சின்னத் திருத்தம் என்று ஆரம்பித்து, தேதி தப்பு, எண் தப்பு, எடுத்துக்காட்டு ஓடவில்லை என்று ஏதாவது ஒன்றைப் பிடித்துத் தொங்குவார். வருஷக் கணக்காக இதே கதை. அக்கா என்று கூப்பிடாத ஒரே ஆள் அவர்தான். அவர் எழுதியிருந்தது இது: 'பொறுப்பு என்ற இடத்தில் நோயாளியின் பெயரே உள்ளது. ஒருவர் தனக்குத் தானே துணை போக இயலாது. நேரம் இல்லை, முகவரி இல்லை. எது நடந்தால் பணி முடிந்ததாகக் கொள்வது என்பதும் இல்லை. இந்த நிலையில் இதை யாரும் எடுக்க முடியாது.'

அவளுக்கு உச்சிமுதல் பாதம்வரை பற்றிக்கொண்டு வந்தது. சாகக் கிடந்தாலும் இந்த ஆள் பாடையின் நீளத்தை அளப்பார் என்று வாய்விட்டே சொன்னாள். காட்டமாக நாலு வரி அடித்தாள், அழித்தாள். பிறகு, அந்த வாயை மூட வேண்டும் என்கிற ஒரே வீம்பில், டிக்கெட்டைத் திறந்து ஒரு குறையும் சொல்ல முடியாதபடி எழுதினாள். செவ்வாய் காலை எட்டு மணி. மருத்துவமனை முகவரி. எந்த வாசல், எந்த மாடி. பொறுப்பு என்ற இடத்தில் தன் பெயரை எடுத்துவிட்டு வெறுமையாக விட்டாள். பணி முடிவு: 'பரிசோதனைக்குப் பின் வீட்டு வாசல்வரை கொண்டுவந்து விடுவது.' வீட்டு முகவரியை மட்டும் எழுதவில்லை, அந்த அளவு புத்தி மிச்சம் இருந்தது.

அவள் முகம் கழுவிவிட்டு வருவதற்குள் வெறும் இடம் நிரம்பியிருந்தது. பொறுப்பு, சின்னத் திருத்தம். கூட ஒரு வார்த்தை இல்லை, இதயம் இல்லை, கும்பிடு இல்லை. அவர் இதே ஊரில் இருக்கிறார் என்பதே அவளுக்கு அன்றுதான் தெரியும்.

செவ்வாயன்று எட்டு மணிக்கு முன்பே அவர் வந்து நின்றிருந்தார். ஒல்லியான மனிதர், அவளைவிட நாலைந்து வயது மூத்தவர், சட்டைப்பையில் பேனா, தோளில் துணிப்பை. குழுமத்தில் எழுதும்போது எட்டு அடி உயரம் இருப்பார் என்று அவள் நினைத்திருந்தாள்.

"நீங்கதானே?" என்றார்.

"நான்தான்."

"தண்ணி குடிச்சீங்களா? குடிக்கக் கூடாது."

"குடிக்கல."

அதோடு பேச்சு முடிந்தது. வரவேற்பில் இருந்த பெண் படிவத்தை நீட்டினாள். "கூட வந்திருக்கறவர் உங்களுக்கு என்ன உறவு?"

அக்கா பொய் சொல்ல வாயெடுப்பதற்குள் அவர் முந்திக்கொண்டார். "உறவு இல்ல. தெரிஞ்சவன்."

"அப்படிப் போட இதுல இடமில்லையே சார். கணவன், மகன், மகள், சகோதரன், இவ்வளவுதான் இருக்கு."

"அப்ப உங்க படிவத்துல குறை இருக்கு. 'மற்றவர்'னு ஒண்ணு சேக்கணும். நிறைய பேருக்கு அதுதான் தேவைப்படும்."

அந்தப் பெண் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, ஓரத்தில் கையால் 'மற்றவர்' என்று எழுதிக்கொண்டாள். அக்காவுக்கு இத்தனை நாளில் முதல்முறையாக அவருடைய திருத்தம் ஒன்று பிடித்திருந்தது.

கண் விழித்தபோது தொண்டை மரத்திருந்தது. கட்டிலுக்குப் பக்கத்து நாற்காலியில் அவர் துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். மருத்துவர் வந்தார். உணவுக்குழாய் முடியும் இடத்தில் புண், பயப்பட ஒன்றுமில்லை, மாத்திரையில் ஆறிவிடும் என்றார். துணைக்கு வந்தவர் பேனாவை எடுத்து மாத்திரையின் பெயரையும் வேளையையும் எழுதிக்கொண்டு, எழுதியதை மருத்துவரிடமே காட்டிச் சரிபார்த்தார்.

"இன்னிக்குப் பொழுதுக்கும் யாராவது பக்கத்துல இருக்கணும். வீட்ல ஆள் இருக்காங்கல்ல?" என்றாள் நர்ஸ். அங்கியை அவிழ்க்க உதவிய அதே நர்ஸ்.

"இருக்காங்க" என்றாள் அக்கா சட்டென்று. அவர் அவளைத் திரும்பிப் பார்த்தார்.

டாக்ஸி பாதி தூரம் போயிருந்தது. அவள்தான் ஆரம்பித்தாள். "அன்னிக்கு வகுப்புக்கு நீங்களும் செயலியைத்தான் அனுப்பியிருந்தீங்க."

"ஆமா. அந்த நேரத்துல எனக்கு வேலை இருக்கும். ஆனா சுருக்கம் படிக்க மாட்டேன், அதுல தப்பு இருக்கும். பேசினது முழுசா எழுத்துல வரும், அதைத்தான் படிப்பேன்."

"முழுசாவா?"

"முழுசாத்தான்."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அழுதது எழுத்தில் எப்படி வந்திருக்கும் என்று கேட்க வெட்கமாக இருந்தது.

"உங்க மடலையும் வாராவாரம் கடைசி வரி வரைக்கும் படிப்பேன்" என்றார் அவர் சாலையைப் பார்த்தபடி. "கடைசிக்கு வரவர நீங்க அவசரப்படுவீங்க. அங்கதான் தப்பு ஜாஸ்தி."

"வேற யாரும் அங்க வரைக்கும் வர்றதில்லன்னு நெனச்சுட்டேன்."

"தெரியுது" என்றார்.

அவள் குடியிருப்பில் லிஃப்ட் ஏறி, கதவுக்கு முன்னால் வந்து நின்றார்கள். சாவியைப் போட்டுத் திறந்தாள். உள்ளே வாருங்கள் என்று யாராக இருந்தாலும் சொல்வார்கள். அவளுக்கும் நாக்கு நுனிவரை வந்தது. உட்கார இருக்கும் ஒரே நாற்காலியில் துவைத்த துணி குவிந்திருப்பது ஞாபகம் வந்தது, வருஷக் கணக்காக இந்த மனிதரைத் திட்டியது ஞாபகம் வந்தது, மரத்த தொண்டை வேறு. "ரொம்ப நன்றிங்க" என்றுதான் வெளியே வந்தது. மாத்திரைச் சீட்டைக் கொடுத்துவிட்டு, அவர் தலையசைத்து லிஃப்டுக்குள் போனார்.

கதவைச் சாத்தியதும் கைபேசி சத்தம் கொடுத்தது. டிக்கெட் மூடப்பட்டிருந்தது. 'வீட்டு வாசல்வரை கொண்டுவந்து விடப்பட்டது. பணி முடிந்தது.' எழுதியதை எழுதியபடி செய்துவிட்டுப் போயிருந்தார். குறை சொல்ல ஒன்றுமில்லை.

பயப்பட ஒன்றுமில்லை. எத்தனையோ வாரமாக அவள் கேட்க ஏங்கிய வார்த்தை அதுதான். ஊருக்கெல்லாம் செய்தி சொல்லிப் பிழைக்கிறவளுக்கு, சொந்தமாக ஒரு நல்ல செய்தி கிடைத்திருக்கிறது, எடுத்துச் சொல்லத்தான் எதிரில் முகம் இல்லை. தம்பி அங்கே தூங்கிக்கொண்டிருப்பான். அவள் துணிக்குவியலைப் பார்த்தாள், அடுப்பைப் பார்த்தாள். பயம் இருந்தவரை அதுவாவது கூட இருந்தது. இப்போது அதுவும் போய், வீடு முன்னைவிடப் பெரிதாக இருந்தது.

மூடிய டிக்கெட்டை மறுபடியும் திறக்கலாம். ஆனால் காரணம் எழுதாமல் திறக்க முடியாது, அந்த விதியையும் வைத்தவள் அவள்தான். காரணம் என்ற கட்டத்தில் விரல் நின்றது. இங்கே எழுதுவதை நாலாயிரம் பேரும் படிக்கலாம். தலை இன்னும் லேசாகச் சுற்றியது. எழுதினாள்: 'வீட்டில் யாரும் இல்லை. இருக்கிறார்கள் என்று நர்ஸிடம் சொன்னது பொய். எனக்குத் தனியாக இருக்கப் பிடிக்கவில்லை.' கீழே கதவு எண்ணையும் போட்டாள். பிழை ஏதும் இருக்கிறதா என்று பார்க்காமலே அழுத்தினாள்.

ஜன்னலுக்கு வந்தாள். எதிர்ச் சாரியில், பேருந்து நிறுத்தத்தில், அவர் துணிப்பையோடு நின்றிருந்தார். சட்டைப்பையிலிருந்து கைபேசியை எடுத்தார். படிக்கத் தொடங்கினார். மூன்றே வரிதான், அவர் வெகுநேரம் படித்தார். பேருந்து வந்து நின்று அவரை மறைத்தது. அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். பேருந்து போனது. அவர் அங்கேயே இருந்தார். கைபேசியைப் பையில் போட்டுக்கொண்டு, தெருவைக் கடப்பதற்காக இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டிருந்தார்.